ஐம்பதில் ஒன்று

என் வீட்டுக்காரர் முன்னால் ‘பொம்மை’ என்ற சொல்லை மட்டும் எடுக்கக் கூடாது. கல்யாணமான புதிதில், உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது, விவரம் தெரியாமல் “பொம்மை வீடு செய்யறாரு” என்று சொல்லிவைத்தேன். அன்றைக்குப் பகல் முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் என்னை உட்காரவைத்து வகுப்பு எடுத்தார். பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுவதற்கு. அதில் வாசலைவிட ஆள் உயரமாக இருக்கலாம், மரத்தைவிட நாய் பெரிதாக இருக்கலாம், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அவர் செய்வது அளவு மாதிரி. வரப்போகிற கட்டடத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி முன்கூட்டியே செய்து காட்டுவது. சுவர் ஐம்பதில் ஒன்று என்றால் படியும் ஐம்பதில் ஒன்று, படியின் கைப்பிடியும் ஐம்பதில் ஒன்று, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் ஐம்பதில் ஒன்று.

“ஒண்ணே ஒண்ணு பிசகினாலும் மத்தது எல்லாமே பொய்யாயிடும்” என்றார்.

நான் நடுவில் கொட்டாவி விட்டேன் என்பது உண்மை. ஆனாலும் அந்த மனுஷன்மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

மற்றவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. அவர் வேலை பார்க்கிற கட்டடக் கம்பெனி முதலாளி ‘மாடல்’ என்பார். விற்பனைப் பிரிவுப் பிள்ளைகள் ‘மினியேச்சர்’ என்பார்கள். அப்படிச் சொன்னால் வீட்டின் மதிப்பே கூடிவிடும் என்று அவர்களுக்கு நினைப்பு. பார்க்க வருகிறவர்களின் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு பொம்மை வீடு, பொம்மை வீடு என்று குதிக்கும். இவர் ஒருவரையும் விடாமல் திருத்திக்கொண்டிருப்பார். பெட்டிக்கு முன்னால் நிற்கிற சின்னப் பலகையில் ‘அளவு மாதிரி, ஐம்பதில் ஒன்று’ என்று இவர் கையாலேயே எழுதி வைப்பார். அந்தப் பலகையை எழுதுகிற அன்றைக்கு மட்டும் வீட்டில் பாட்டு முணுமுணுப்பார், அதுவும் அபஸ்வரமாக.

வேலை பெருகப் பெருக, வீட்டுக்குள் வைக்கிற சாமான்கள் என் தலையில் விழுந்தன. கட்டில், நாற்காலி, சோபா, சாப்பாட்டு மேஜை. எனக்கு விரல் மெலிது, பொறுமையும் அவரைவிட அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். வெளியில் கொடுத்தால் நாளாகும் என்பது நிஜக் காரணம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு ஓரமாக வெட்டுப் பலகை, பிளேடு, பசை, இடுக்கி எல்லாம் பரப்பியிருக்கும். தீக்குச்சிக் கனத்தில் ஒரு லேசான மரப் பலகை வரும்; அதை அவர் தருகிற அளவுக்கு வெட்டி, தேய்த்து, ஒட்டி, பழைய கைக்குட்டைத் துணியில் மெத்தை விரிப்பு போட்டு, பஞ்சைத் திரித்துத் தலையணை வைப்பேன். ஒரு கட்டில் என் சுண்டுவிரல் அளவு இருக்கும். எத்தனை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அந்த அளவுதான் வரும் என்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

அதனால்தான், கம்பெனி கடைசியாக எடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர் கொண்டுவந்து கொடுத்த கட்டில் அளவை வெட்டி முடித்ததும் என் கை சொல்லிவிட்டது. கட்டில் குட்டையாக இருந்தது. அகலமும் குறைச்சல்.

“என்னங்க, இதுல யாரு படுப்பா? உங்க அக்கா மககூடக் காலை மடக்கித்தான் படுக்கணும்” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. சின்ன அறை நிஜமாகவே சின்னது. அளவுப்படி கட்டிலைப் போட்டு வைத்ததும் முதலாளி வந்து பார்த்திருக்கிறார். அறை மூச்சு முட்டுகிறதே என்றிருக்கிறார். சுவரில் கை வைக்க வேண்டாம், அது வரைபடத்தில் இருப்பது. உள்ளே இருக்கிற சாமானைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலைக் குறைத்தால் நாற்காலியையும் குறைக்க வேண்டும், நாற்காலியைக் குறைத்தால் பக்கத்தில் நிற்கிற மனுஷ உருவத்தையும் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் குறைத்தாயிற்று. எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லி முடித்தார்.

“பலகையில என்ன எழுதுவீங்க?” என்று கேட்டேன்.

பலகையில் ஏற்கெனவே ‘மாதிரி’ என்று மட்டும் எழுதியிருந்தார். ‘அளவு’ என்ற சொல்லும் இல்லை, ‘ஐம்பதில் ஒன்று’ம் இல்லை. கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரியில் ‘பார்வைக்கு மட்டும்’ என்று இருந்தது. அளவு என்று தான் எழுதவில்லையே, அப்புறம் எப்படிப் பொய்யாகும் என்று என்னிடமே நியாயம் கேட்டார். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மனசாட்சிக்கு விடுப்பு கொடுத்த மாதிரி அவருக்கு. எவ்வளவு அழகான சப்பைக்கட்டு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே மிச்சக் கட்டில்களையும் அதே குட்டை அளவில் வெட்டிக் கொடுத்தேன்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பாள். இவரைப் படிக்கவைத்தது அந்தத் தையல் மெஷின்தான் என்பதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை; இவர்தான் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பையன் வாசலில் வந்து நின்றால் போதும், நாடாவை எடுப்பதற்கு முன்னாலேயே தோள் அளவைச் சொல்லிவிடுவாள். அப்புறம் நாடாவைப் போட்டுப் பார்த்தால் அதேதான் இருக்கும். அந்தப் பெருமை மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருக்க வேண்டியதுதான்.

அவள் புருஷன் ஒரு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் வேலை. மோசமான ஆள் இல்லை, வாய்தான். ஒரே மகள். அவர்களோடு அண்ணியின் மாமனாரும் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், நல்ல உயரம். இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தியிருக்கிற சந்தில் ஒரு கீறல் விழாமல் பஸ்ஸைக் கொண்டுபோனவர் என்று அவர் மகனே சொல்லுவார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்துகிற மாதிரி, ஆஸ்பத்திரியில் இருக்குமே, அந்த இரும்புக் கட்டில்தான் அவருக்கு. வாடகை வீட்டில் அது கூடத்தில் கிடந்தது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். அவருக்குத் துடைத்துவிடுகிற நேரத்தில் யாராவது வந்துவிட்டால் ஒரு பழைய துணியை இழுத்துப் போடுவாள் அண்ணி. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வந்தவர்கள் போன பிறகும் வெகுநேரம் திரும்ப மாட்டார்.

அண்ணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருக்கு ஒரு கதவு. “மாமாவுக்குத் துணி மாத்தறப்ப கதவைச் சாத்தணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருக்கும்போதுதான் தம்பி செய்ததைப் பார்க்கிறேன் என்று அவள் விற்பனை அலுவலகத்துக்கு வந்தாள். நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெல்லாம் போட்டு அந்தக் குடியிருப்பு ஜொலித்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், “என் தம்பி செஞ்சது” என்று சொன்னாள். அவர்களும் பாவம், தலையாட்டினார்கள். அப்புறம் அவள் கண் அந்தச் சின்ன அறைக்குப் போயிற்று. ஜன்னல் ஓரமாக நான் செய்த கட்டில், கைக்குட்டை விரிப்போடு. பக்கத்தில் ஒரு நாற்காலி. அதற்கப்புறம் இடம். அப்புறம் கதவு.

கண்ணாடியைத் தூக்கச் சொன்னாள். விற்பனை மேலாளர் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, கட்டிலின் நீளத்துக்கு நூலைப் பிடித்துக் கத்தரித்தாள். அந்த நூலை அறையின் தரையில் வைத்துப் பார்த்தாள். கட்டில் போக இன்னும் பாதிக் கட்டில் இடம் இருந்தது. கட்டில் எந்த ஊரிலும் கட்டில்தானே, வீட்டில் மாமா படுத்திருக்கிற கட்டிலும் இதே இடத்தைத்தானே அடைக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். எந்தத் தையல்காரியும் அப்படித்தான் போடுவாள். காகிதத்தில் வெட்டிப் பார்த்தால் துணியிலும் அதேதான் வரும் என்பதை நம்பித்தானே அவர்கள் பிழைப்பே நடக்கிறது.

“சரிதானேடா?” என்று தம்பியைக் கேட்டாள்.

மேலாளர் பக்கத்தில் நின்றார். இவர் மென்று விழுங்கினார். அப்புறம், “நீதான் அளவெடுக்கிறவளாச்சே, உனக்கு நான் சொல்லணுமாக்கா?” என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லுவார், இதோ சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவருடைய அக்கா, அவருடைய வேலை, நடுவில் நான் வாயை விட்டால் நன்றாகவா இருக்கும்? அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

இருந்ததையெல்லாம் போட்டு அந்த வீட்டை வாங்கினார்கள். கட்டி முடித்துக் குடிபோன அன்றைக்கு இவருக்குத் திடீரென்று வெளியூர் வேலை வந்தது. அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் தொழிற்சாலையிலிருந்து மரப் பலகை வருகிறது, ஆள் இருக்க வேண்டும் என்றார். அண்ணி போனில், வீடு நன்றாக இருக்கிறது, வெளிச்சம் நிறைய என்று மட்டும் சொன்னாள். கட்டிலைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்ததும் கூடத்தில் கட்டில். கட்டிலைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். விரிப்புக்குக் கீழே ஒரு வாளியும் அண்ணியின் பாதங்களும் தெரிந்தன. உள்ளே தண்ணீர் பிழிகிற சத்தம். நாங்கள் வாசலிலேயே நின்றோம். “கொஞ்சம் இருங்க” என்று பெரியவர் உள்ளேயிருந்து சொன்னார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. இவர் காலில் போட்டிருந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்ன அறையை நானே போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் சுவரோடு சேர்த்துக் கட்டின அலமாரி, ஒரு பக்கம் ஜன்னல் ஓரத்துத் தூண். கட்டிலை எப்படித் திருப்பிப் போட்டாலும் கால்மாடு ஒரு சாண் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமாம். கட்டில் உள்ளே போகும், கதவைச் சாத்த முடியாது. அதைவிடக் குட்டையான கட்டிலில் அவர் உடம்பு கொள்ளாது. பெரிய அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் கூடத்தில் படுப்பதா என்று பெரியவர் அடியோடு மறுத்துவிட்டார். பழைய வீட்டில் எப்படிக் கிடந்தாரோ அப்படியே இங்கேயும் கிடந்தார். பழைய வீட்டில் அவருக்கு இன்னொரு வீடு வரும் என்ற நம்பிக்கையாவது இருந்தது.

டீ குடிக்கும்போது அண்ணியின் புருஷன் ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மகராசி, சொந்த வீட்டுக்கு மட்டும் நூலைப் பிடித்து அளந்தாளாம் என்றார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். இப்போது அதில் சிரிப்பு இல்லை. அப்பாவைத் துடைத்துவிடுகிற ஒவ்வொரு நாளும் அந்த மனுஷனுக்கும் வலித்திருக்கிறது. வலியை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டுமே. அண்ணி, ஆமாம், என் தப்புதான் என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

சமையலறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மேஜையில் ஒரு பையனுடைய சட்டைத் துணி கிடந்தது. நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவள் அளந்தாள், எழுதினாள், மறுபடி அளந்தாள். அப்புறம் என்னை அளக்கச் சொன்னாள். நான் சொன்ன அளவும் அவள் எழுதியதும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் கத்தரிக்கோலைத் துணிக்குள் விட அவளுக்குக் கை வரவில்லை.

“எனக்கு என்னமோ கை போயிடுச்சு. பெரிய பள்ளிக்கூட ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு, வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். மாமாவுக்கு ஒரு கதவை அளக்கத் தெரியல, ஊரான் பிள்ளைக்கு எதை அளக்கறது?” என்றாள்.

நான் நாடாவைச் சுருட்டி வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் வைத்தே இவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்க மாட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். உங்களை ஆளாக்கினவள் தன் கையைப் பார்த்தே பயப்படுகிறாள், நீங்கள் அவள் வீட்டில் டீ குடித்துவிட்டு வருகிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அத்தான் கோபக்காரர், கேஸ் கீஸ் என்று கம்பெனிக்கு எதிரில் போய் நின்றால் தன் வேலை போகும் என்றார். பலகையில் அளவு என்று எழுதவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

“நீங்க செஞ்சது பொம்மை. வெறும் பொம்மை” என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சொல்லை எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தே குத்தினேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“உனக்கும்தானே தெரியும்?”

“நீங்க குடுத்த அளவை நான் வெட்டினேன். அளவு உங்களோடது” என்றேன் பட்டென்று. “அடுத்த ஞாயித்துக்கிழமை போறோம். நீங்க சொல்லணும். இல்லேன்னா நான் சொல்றேன்.”

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், சொன்னால்தான் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். ஒரு நேர்மையானவளுக்கு வாய்த்த புருஷனைப் பார் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பெரியவர் தலைமாட்டை உயர்த்தி உட்கார்ந்திருந்தார். விரிப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டிருந்தார்கள். அண்ணியின் புருஷன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, வாங்க, நூல்காரியோட தம்பி வந்தாச்சு என்றார். அண்ணி பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய துணிக்கட்டை மூலையில் கட்டி வைத்திருந்தாள்.

இவர் உட்காரவில்லை.

“அக்கா, நீ அளந்தது சரிதான்” என்றார்.

“விடுடா. அதைப் பத்திப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு.”

“சரியாத்தான் அளந்தேக்கா. கட்டில்தான் பொய். ரூம் பெருசாத் தெரியணும்னு கட்டிலைச் சின்னதாப் போட்டோம். முதலாளி சொல்லித்தான் செஞ்சேன், ஆனா நான்தான் செஞ்சேன். நீ நூல் வச்சுப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்.”

நான் அண்ணியின் புருஷன் எகிறுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் எகிறவில்லை. பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார். இத்தனை நாள் அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மடித்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், அங்கே அதைப் பிரிக்காமல் நின்றார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேவா நின்ன?”

“ஆமாக்கா.”

“நீதான் அளவெடுக்கிறவளாச்சேன்னு சொன்னியே, அப்பவும் தெரியுமா?”

அவர் தலையைத் தொங்கப்போட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கத்தவும் இல்லை. மூலையில் இருந்த துணிக்கட்டை ஒரு பார்வை பார்த்தாள், கையை ஒரு பார்வை பார்த்தாள். கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதில் ஒரு சந்தோஷமும் அவள் முகத்தில் இல்லை.

“இத்தனை நாளா எனக்குத்தான் அளவு தெரியலன்னு நெனச்சு அழுதேன்டா” என்றாள். “அது பரவாயில்ல. அதை என்னால தாங்கிக்க முடிஞ்சுது.”

இவர் கையைப் போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

“உள்ள வைக்கிற சாமான் எல்லாம் நீதானே செய்வ. உனக்கு இது தெரியுமா?”

கேள்வியில் கோபம் இல்லை. இந்தக் குடும்பத்தில் ஒரு ஆளாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிற கேள்வி அது. சொல்ல வேண்டியது ஒரே சொல். ஒரு வாரமாக அவரைச் சொல்லு, சொல்லு என்று பிடுங்கினவள் நான்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா” என்றார் இவர். என்னைப் பார்க்காமலே சொன்னார். “வெட்டிக் குடுன்னேன், வெட்டிக் குடுத்தா. நேத்துதான் அவகிட்டயே சொன்னேன்.”

அப்போதுதான் ஒரு உண்மையைச் சொல்லி முடித்திருந்த மனுஷன், அந்த வாயாலேயே எனக்காக இந்தப் பொய்யைச் சொன்னார். இதை நான் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. இல்லை அண்ணி, எனக்கும் தெரியும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் அண்ணி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“எனக்குத் தெரியும்” என்றாள். “உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே என் காதுல சொல்லியிருப்ப. நீயாவது சொல்லியிருப்ப.”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.